ஜெஸீமா ராத்தாவின் மீன் பெட்டிகள்

ஜெஸீமா ராத்தா போய்விட்டார். நேற்றுக் காலை நெஞ்சு நோகிறது என்றார்... அவ்வளவுதான்.

எனக்கு முன் வீடு, அக்கா மாதிரி. ஹார்பர் பக்கம் எங்கள் ஒழுங்கைக்கு வந்தவர்கள் அவருடைய சின்னக் கடையைப் பார்த்திருப்பீர்கள். சீனி, தேயிலை, சோப், போனுக்கு ரீலோட்.

எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் முற்றம் கிடையாது. கதவைத் திறந்தால் ரோட்டு, அந்தப் பக்கம் அடுத்தவர் கதவு. அதற்குள்தான் ராத்தா தோட்டம் போட்டார்... மீன் மார்க்கெட்டில் எறிகிற வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டிகளில்.

முதல் தடவை கடற்கரை மண்ணை அள்ளிப் போட்டுக் கத்தரி நட்டார். ஒரு கிழமைக்குள் எல்லாம் கருகிப்போனது.

"உப்பு மண்ணுல கருவாடுதான் காய்க்கும் ராத்தா" என்று நக்கலடித்தேன்.

"காய்ச்சா ஒங்களுக்குத்தான் முதல்ல தருவன், பேசாம இரிங்க" என்றார்.

பிறகு கப்பல்துறை என்ற ஊரிலிருந்து ஓட்டோவில் நல்ல மண் வந்தது. கத்தரி, பச்சை மிளகாய், வல்லாரை... எங்களுக்கும் அந்த விசர் தொற்றிவிட்டது. வாசலுக்கு வாசல் பெட்டி. டெங்கு செக் பண்ண வந்த சுகாதார அதிகாரி, பிஎச்ஐ கூடக் கையில் கத்தரிக்காயோடுதான் திரும்பிப் போனார்.

ஒழுங்கை ஒடுங்கிக்கொண்டு போனதை ஒருவரும் யோசிக்கவில்லை. சைக்கிள் போனது, ஓட்டோ உரசிக்கொண்டு போனது. போதாதா என்று இருந்துவிட்டோம்.

நேற்று அம்புலன்ஸ் வந்தது. உள்ளே வர இடமில்லை.

எல்லோரும் ஓடி ஓடிப் பெட்டிகளைத் தூக்கி மெயின் ரோட்டு மதிலோரம் போட்டோம். ஈர மண், சரியான பாரம். சில பெட்டிகள் கையிலேயே உடைந்தன.

ராத்தா வாசலில் கதிரையில் இருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா... மிளகாய் பூத்திரிக்கி" என்றார்.

நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

மையத்து வீட்டில் யாரோ சொன்னார்கள். "இந்தப் பெட்டிகள் இல்லாட்டித் தப்பியிருப்பாவோ தெரியா."

எனக்குக் கோபம் வந்தது, நன்றாக ஏசிவிட்டேன். ஆனால் எனக்கும் தெரியவில்லை... தெரிந்த டொக்டர் ஒருவர் இருக்கிறார், கேட்கலாம். கேட்கப் பயமாக இருக்கிறது.

அசர் தொழுகைக்குப் பிறகு மையத்தைச் சந்தூக்கில் வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு தடங்கலும் இல்லை. எங்கள் ஒழுங்கை இவ்வளவு அகலம் என்று நேற்றுத்தான் கண்டேன்.

இன்று விடிய எழும்பிப் போனால், எங்கள் டவுனுக்குள் ஆடுமாடு மாதிரித் திரிகிற மான்கள் மதிலோரம் நின்று எல்லாப் பெட்டியையும் மேய்ந்துகொண்டிருந்தன. ராத்தாவின் கணவர், ஜலீல் நானா, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"விரட்டட்டா நானா?"

"வேணாம் தங்கச்சி. தின்னட்டும்... எனக்கு அதுகளத் திரும்ப உள்ளுக்குக் கொண்டு வர ஏலா."

நானும் பக்கத்தில் நின்றேன். மான்கள் தின்று முடியும்வரைக்கும் நின்றோம்.

நல்லபடியாகப் போங்கள் ராத்தா.