பையைக் கவிழ்த்து உதறினேன்

வயல் எலி பிடித்துப் பிழைக்கும் எங்கள் இருளர் குடியிருப்பிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். உத்திரமேரூரில் ஒன்பதாவது படிக்கும்போது, ஒருநாள் என் பைக்குள் செத்த எலி கிடந்தது. "உங்க வூட்டு நாஷ்டா வந்துகீது பாருடீ!" என்று வகுப்பே சிரித்தது. டீச்சரிடம் சொன்னேன். "கிண்டலுக்குப் போய் அழுவியா?" என்றார். நான் அழவே இல்லை. இன்னொரு முறை நடந்தால் படிப்பை விட்டுவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன்.

அன்று மாலை பேருந்தில் நெரிசல். உட்கார்ந்திருந்த என் வகுப்பு மலர் கை நீட்டினாள். அவளும் சிரித்தவள்தான்.

"பையக் குடுடீ, வச்சிக்கினு வரேன்."

நிற்பவர் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்துப் பேருந்து வழக்கம். கொடுத்தேன். ஆனால் திருப்புலிவனம் வரும்வரை அவள் விரல்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நான் அங்கே இறங்கும்போது பையைத் தந்தவள், "இன்னாடீ, திருடியப் பாக்குற மாதிரி பாத்துக்கினே வர்ற? எலி வச்சது நானில்ல. சிரிச்சேன், அது தப்புதான்" என்றாள்.

வீட்டு வாசலில் பையைக் கவிழ்த்து உதறினேன். புத்தகங்கள்தான் விழுந்தன. மறுநாளும் பள்ளிக்குப் போனேன்.

இன்று நான் ஆசிரியை. 'புல்லியிங்' என்றால் கிண்டல்தானே என்று கேட்பவர்களிடம் இல்லை என்பேன். கிண்டல் சிரிப்போடு முடிந்துவிடும்; ஒருவரைக் குறிவைத்து வதைப்பது அப்படி முடியாது. மலர் என் தோழியான பிறகும், நெடுநாள் நான் அந்தப் பையை உதறிக்கொண்டுதான் இருந்தேன்.