பத்து கிலோ அரிசியும் ஒரு முதுகுப் பையும்

இன்னிக்கு ஆரணி பஜார்ல பேக்பேக் வாங்கப் போனேன். அடுத்த மாசம் முழுக்க இமாச்சல் சுத்தப் போறேன், தனியா.

கூட அம்மா. "தனியாவா?"ன்னு போன வாரம் கேட்டதோட சரி, அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. இன்னிக்கு அரிசி வாங்கத்தான் வந்தாங்க.

எந்தப் பையை மாட்டினாலும் கடைக்காரர், "உங்களுக்குன்னே தெச்ச மாதிரி இருக்குது மேடம்"னாரு.

காலிப் பை யாருக்குத்தான் பொருந்தாது? "உள்ள வெயிட் வெச்சுப் பாக்கணுங்க"ன்னேன். அவர்கிட்ட பழைய பேப்பர்தான் இருந்துது.

அம்மா, அப்பதான் வாங்கின பத்து கிலோ களம்பூர் அரிசியை என் பக்கம் தள்ளினாங்க.

அரிசி உள்ள போனதும் குட்டு வெளிப்பட்டுடுச்சு. நான் ஆசைப்பட்ட பெரிய நீலப் பை பின்னால இழுத்துது, இடுப்புல கட்டுற பெல்ட்டு கீழ இறங்கிடுச்சு. சின்ன சைஸ் சாம்பல் கலர் பை கச்சிதம். மாட்டிகினு பஜார்ல ஒரு நடை போனேன்.

"என்னம்மா, அரிசி டெலிவரியா?"ன்னாங்க பூக்கார அக்கா.

திரும்பி வந்து இறக்கினதும் அம்மா, "இங்க குடு"ன்னாங்க. புடவை மேலயே பெல்ட்டை இறுக்கிகினு கடை வாசல்ல நடந்து பாத்தாங்க.

"பாரம் தோள்லயே தெரியல. இடுப்புல குந்திகினு இருக்குது. பரவால்லையே!"

அப்புறம் கடைக்காரரைப் பாத்து, "இதே மாதிரி என் உயரத்துக்கு இருக்குதாங்க?"

நான் போட்டது ஒரே ஒரு டிக்கெட். அம்மாவுக்கு லோயர் பெர்த் கிடைக்க வழி தெரிஞ்சவங்க ஜல்தியா கமெண்ட்ல சொல்லுங்க, மனசு மாறுறதுக்குள்ள. அவங்க மனசு இல்ல, என் மனசு.