ஐநூற்றில் நின்ற முள்

கண்ணுக்குத் தெரியாத சரக்கை இரும்புக்குள் அடைத்து வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்குவதுதான் என் பிழைப்பு. கோயமுத்தூரில் ஆக்சிஜன் வண்டி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இதில் முதுகு வலியைவிட நெஞ்சுப் படபடப்புதான் அதிகம். நீங்களும் ஏதோ ஒரு மீட்டரை நம்பிப் பிழைப்பவரென்றால் என் பாடு புரியும்.

வெயிலில் ஊறியது

மதுக்கரைப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறை. போனால், சிலிண்டர் சித்திரை வெயிலில் நட்டநடு வாசலில் நிற்கிறது! "சூடானா அழுத்தந்தானுங்க ஏறும், கேஸ் அதே அளவுதான். வெடிச்சா என்னாகும்?" என்று கத்தினேன். பட்டறைக்காரர் பெருமையாக மீட்டரைக் காட்டினார்: "ஏனுங்க, காலைல நூத்திப்பத்து, இப்ப நூத்தியிருவது. வெயில்ல வெச்சா தானா ஊறுதுங்களே!"

மூன்று நிமிசம்

சுந்தராபுரத்தில் சரஸ்வதியம்மாவுக்கு நுரையீரல் பலவீனம். வீட்டில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற கரண்ட் மெஷின் உண்டு. கரண்ட் போனால், வெளியூர் போனால் சிலிண்டர். முதல் சிலிண்டரை இறக்கிவிட்டு வந்த கொஞ்ச நேரத்தில் மகன் குமார் போனில் அலறினார். பத்து லிட்டர் சிலிண்டர், நிமிசத்துக்கு மூன்று லிட்டர். மூன்றே நிமிசத்தில் காலியாகிவிடுமாம்!

"பத்து லிட்டர் இடத்துல நூத்தம்பது மடங்கு அமுக்கி அடைச்சிருக்குதுங்க. வெளிய வந்தா ஆயிரத்தைந்நூறு லிட்டர், எட்டு மணி நேரம் ஓடும். மீட்டர் முள்ளு நூத்தம்பதுல நின்னா சிலிண்டர் புல்லு, அம்பதுக்குக் கீழ போனாக் கூப்பிடுங்க" என்றேன். அவர் சொன்னார்: "இப்பத்தானுங்க எனக்கே மூச்சு வந்துச்சு!"

ஐநூறு

அடிக்கடி கரண்ட் போன ஒரு வாரம் கழித்து, குமாரின் பக்கத்து வீட்டுக்குச் சரக்கிறக்கப் போனேன். கோபிசெட்டிபாளையத்தில் மகள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குக் கிளம்பி, சரஸ்வதியம்மா மூக்கில் குழாயோடு காரில் உட்கார்ந்திருந்தார். "இன்னொண்ணு வெச்சுக்கலீங்களா?" என்றேன். "எதுக்குங்க? ஐநூறு இருக்குது!" என்றார் குமார்.

புல்லாக இருந்தாலே நூற்றைம்பதுதானே? காருக்குள் அம்மா காலடியிலிருந்த சிலிண்டரின் மீட்டரைக் குனிந்து பார்த்தேன். அடக் கடவுளே! அவர் படித்தது மீட்டரின் உள்வட்டம், பவுண்டுக் கணக்கு. வெளிவட்டத்தில், சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்கிற கணக்கில், வெறும் முப்பத்தைந்து. அதாவது மிச்சம் முந்நூற்றைம்பது லிட்டர், இரண்டு மணி நேரம்கூட வராது. கோபிக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். எந்த வட்டம் என்று சொல்லாமல் விட்ட பாவி நான்தான். என் வண்டியிலிருந்த புதுச் சிலிண்டரை மாட்டினேன். மாட்டிக்கொண்டே குமாரிடம் கணக்கைச் சொன்னேன். அம்மா மகனை நிமிர்ந்து பார்த்து நிதானமாகக் கேட்டார்: "ஏங்கண்ணு, மிச்ச வழிக்கு நா எதைய மூச்சு உடறது?"

பன்னிரண்டு வருசமாகச் சிலிண்டர் தூக்குகிறவனுக்கு, எண்ணோடு 'கிலோ' என்ற ஒரு வார்த்தையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்ற புத்தி அந்தக் கேள்விக்குப் பிறகுதான் வந்தது.