அடுப்பில் வைத்த கத்தி

வாழைப்பால் காய்ந்த இரும்புக்கு ஒரு வாடை உண்டு. நெல்லிக்காயைக் கடித்ததும் நாக்கில் ஒரு துவர்ப்பு இழுக்குமே, அந்தத் துவர்ப்புக்கு மணம் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். சாயங்காலம் அம்மா இலைக் கொட்டகையிலிருந்து திரும்பி வரும்போது, அவளுக்கு ஓரடி முன்னால் அந்த வாடை வீட்டுக்குள் வந்துவிடும். இடுப்பில் செருகியிருக்கும் மடக்குக் கத்தியை எடுத்து மாடக்குழியில் வைத்த பிறகுதான் அவள் கை கால் கழுவப் போவாள்.

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், ஐம்பதுகளின் கடைசியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வாழைதான். ஆண்கள் தோட்டத்தில் அறுத்து வண்டியில் கொண்டுவந்து கொட்டும் இலைகளை, கொட்டகையில் வரிசையாகப் பலகை போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் அளவு பார்த்து நறுக்குவார்கள். நுனியோடு இருந்தால் "தலை இலை", நுனி இல்லாத துண்டு "ஏடு", கிழிந்துவிட்டால் மாட்டுக்கு. வாழையிலை தன் நரம்பு வழியாகக் கிழியத்தான் எப்போதும் காத்திருக்கிறது. கத்தி அதைக் குறுக்கே கடந்து, நடுத்தண்டையும் ஒரே இழுப்பில் தாண்டிப் போக வேண்டும். கூர் கொஞ்சம் தயங்கினாலும் இலை விளிம்பு வரைக்கும் பிளந்துவிடும். அம்மா நறுக்கும்போது சத்தமே கேட்காது. அதனால்தான் கொட்டகையில் முதல் பலகை அவளுக்கு. அந்தப் பலகையில் அவள் உட்காரும் விதத்தைப் பார்த்தால், அதில் வேறு யாரும் உட்கார முடியும் என்று தோன்றாது.

அந்தக் கத்தி பழைய அரம் ஒன்றை அடித்துச் செய்தது. எருமைக் கொம்புப் பிடி. காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் உலை வைத்திருந்த ஆசாரி ஒருவரிடம் சொல்லிச் செய்து வாங்கியது. மற்றப் பெண்கள் ஒரு கட்டு இலை முடிவதற்குள் இரண்டு முறை கல்லைத் தேடுவார்கள். அம்மா காலையில் ஒரு தடவை தீட்டினால் விளக்கு வைக்கிற வரைக்கும் அது கூர் கேட்காது.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் ஆள் நான். அப்பா ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினார், கைநாட்டு. நான் ஆறாம் வகுப்புக்குப் போனபோது எங்கள் தெருவுக்கு வரும் கடிதங்களையெல்லாம் நான்தான் படித்துச் சொல்வேன். இதை இப்போது அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் அப்போது எனக்கு அடக்கம் இருந்ததில்லை, இப்போதும் அதிகம் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் கேட்டுவந்து சொன்னதெல்லாம் எங்கள் வீட்டில் சட்டமாகிவிடும். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்றேன், மறுநாளே அம்மா காய்ச்சினாள். வெட்டிய பழத்தை மூடி வைக்க வேண்டும் என்றேன், மூடினாள். தெருவில் யாராவது இதென்ன புதுப் பழக்கம் என்று கேட்டால், "பாப்பா பொஸ்தகத்துல பாத்துச் சொல்லுது" என்பாள். அதற்குமேல் பேச்சுக் கிடையாது.

அந்த மார்கழியில் அம்மாவின் வலது கட்டைவிரலில் கத்தி பட்டது. சின்னக் காயம்தான், ஆனால் வாழைப்பாலிலும் தண்ணீரிலும் ஊறி ஊறிச் சீழ் வைத்துவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டு, துணி சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். அதே வாரம் எங்கள் விஞ்ஞான டீச்சர், ஊசியை நெருப்பில் காட்டினால் கிருமிகள் செத்துப்போகும் என்று சொல்லிக்கொடுத்தார். எனக்கு உடனே மாடக்குழிக் கத்தி நினைவுக்கு வந்தது. அதில் ஒட்டியிருந்த கறுப்புப் பிசினைப் பார்த்தால் உலகத்துக் கிருமிகளெல்லாம் அங்கேதான் குடியிருந்தன என்று சொல்லிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா துணி துவைக்க ஆற்றுக்குப் போயிருந்தாள். நான் கத்தியை விரித்து, பிடி வெளியே இருக்கும்படி, அலகை மட்டும் அடுப்புத் தணலுக்குள் செருகினேன். ஊதுகுழலை வைத்து ஊதினேன். ஊசிக்கு ஒரு நிமிஷம் என்றால் கத்திக்கு எவ்வளவு என்று நானே கணக்குப் போட்டேன். அலகு கறுத்து, பிறகு மங்கலாகச் சிவந்து, கடைசியில் தணலின் நிறமே ஆகிவிட்டது. அப்படியே சாம்பலுக்குள் விட்டு ஆறவைத்தேன். பிறகு புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். புதுக் கத்தி போல மின்னியது.

அம்மா திரும்பி வந்து அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுப்பில் வைத்ததை நான் சொல்லவில்லை. அது பெரிய விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை. "என் கண்ணு" என்று மட்டும் சொல்லிக் கன்னத்தைத் தொட்டாள். எங்கள் வீட்டில் அது பெரிய பாராட்டு.

மறுநாளிலிருந்து அம்மாவின் மடியில் இலை கிழியத் தொடங்கியது.

கல்லில் வைத்தால் கத்தி முன்னைவிடச் சுலபமாகக் கூர் பிடித்தது. முதல் பத்து இலைகளுக்குப் பழையபடியே வெட்டும். அதற்கப்புறம் தண்டில் தயங்கும். இலை விளிம்பு வரைக்கும் போய்விடும். தீட்டுவாள், மறுபடி பத்து இலை. கத்தியைச் சந்தேகிக்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. அத்தனை வருஷம் உழைத்த கத்தி, போதாக்குறைக்கு இப்போது பளபளவென்று வேறு இருக்கிறது. சீழ் வைத்த விரல் ஆறிவிட்டது, ஆனால் நுனியில் கொஞ்சம் மரத்திருந்தது. ஆகவே தன் கையைத்தான் சந்தேகித்தாள். ஒருநாள் அடுக்களையில் தண்ணீர்ச் செம்பை வலது கையால் தூக்கிப் பிடித்து, அது நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றதை நான் கதவுக்கு வெளியிலிருந்து பார்த்தேன். அப்பாவிடம், "கை விழுந்துபோச்சுங்க" என்று அவள் மெதுவாகச் சொன்னதையும் கேட்டேன்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் அது பொய். கத்தியின் கூரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, அது முன்பு போல நேராக நிற்காமல், தகர டப்பாவின் ஓரம் போல ஒரு பக்கமாக மடிந்திருந்தது எனக்குத் தெரிந்தது. நெருப்புதான் காரணமோ என்று ஒரு எண்ணம் வந்தது. ஆனால் டீச்சர் சொன்னது எப்படித் தப்பாகும்? நான் சொன்னது எப்படித் தப்பாகும்? வாயை மூடிக்கொண்டேன். வைகுண்ட ஏகாதசி நெருங்கிக்கொண்டிருந்தது. ஏகாதசி விரதம் முடிந்த மறுநாள், துவாதசிச் சாப்பாட்டுக்கு ஸ்ரீரங்கம் முழுவதும் இலை கேட்கும். கொட்டகையில் யாருக்கும் நிமிர நேரம் இருக்காது. அந்தச் சமயத்தில் அம்மா தானாகவே போய், முதல் பலகையை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிடும்படியும், தான் இனிமேல் கட்டுக் கட்டித் தூக்குவதாகவும் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. சொல்வதற்கு முன் தானே எழுந்துவிட வேண்டும் என்று நினைத்திருப்பாள்.

சனிக்கிழமை கத்தியைக் கொடுத்துவிட்டு, கயிறு அறுக்க ஒரு சின்னக் கத்தி வாங்கலாம் என்று ஆசாரியிடம் புறப்பட்டாள். பஸ் போர்டைப் படிக்க என்னையும் கூட்டிப்போனாள்.

ஆசாரிக்கு அப்போது முப்பது வயது இருக்கும். அவர் மனைவி துருத்தி ஊதிக்கொண்டிருந்தாள். அம்மா விஷயத்தைச் சொன்னதும் அவள்தான் முதலில் பேசினாள். "நாலு புள்ள பெத்துட்டு நாள் பூரா இத இழுக்குறேன். எனக்கு விழாத கை உங்களுக்கு விழுந்துடுச்சாக்கா?"

அம்மா சிரித்தாள், ஆனால் அது சிரிப்பாக வரவில்லை. ஆசாரி கத்தியை விரித்து, சும்மா பழக்கத்தில், ஒரு சின்ன அரத்தை எடுத்துக் கூரின் ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்தார். அரம் கிர்ரென்று கடித்துக்கொண்டு போனது. அவர் விரலில் இரும்புத் தூள் ஒட்டியிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் குடுத்தப்ப இதுமேல அரம் வழுக்கிட்டுப் போகும். இது அடுப்புக்குள்ள போயிட்டு வந்திருக்கு."

"இத வச்சுத்தான் கஞ்சி குடிக்கிறேன்" என்றாள் அம்மா. "இதப் போயி அடுப்புல போடுவேனா? நீங்க போட்ட இரும்பு அவ்வளவுதான்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

"என் இரும்பையா சொல்றீங்க?" ஆசாரி எழுந்துவிட்டார். மண்வெட்டிக்குக் காத்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். துருத்தி நின்றுவிட்டது. அம்மா, தன் தொழிலில் ஒருநாளும் குறை சொல்ல இடம் கொடுக்காதவள், முகம் சிவந்து நின்றாள். அவரும் அப்படிப்பட்டவர்தான். தப்பே செய்யாத இரண்டு பேர் ஒருவரையொருவர் தப்புச் சொல்லிக்கொண்டு நின்றார்கள். தப்புச் செய்தவள் நடுவில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான்தாம்மா போட்டேன்" என்றேன்.

எதற்கு என்று ஆசாரி கேட்டார். கிருமி சாவதற்கு என்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு உட்கார்ந்தார். "கிருமி செத்துச்சோ இல்லையோ, தாயி, கத்தி செத்துச்சு." அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா சிரிக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. கத்தியைச் சரி பண்ண முடியுமா என்று அவரிடம் கேட்டாள்.

அவர் பிடியின் ஆணியைத் தட்டி எடுத்து, அலகை மட்டும் உலையில் வைத்தார். அது கோவைப்பழ நிறத்துக்கு வந்ததும் இடுக்கியால் எடுத்து இலுப்பை எண்ணெய்க்குள் இறக்கினார். புகை அடங்கியதும் அதே அரத்தை இழுத்தார். இந்த முறை கண்ணாடிமேல் போவது போல அரம் வழுக்கிப் போனது. நான் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆசாரி அம்மாவிடம், இப்படியே கொண்டுபோனால் தண்டில் பட்டதும் உடைந்துவிடும் என்றார். அலகை ஒரு பக்கம் கல்லில் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, உலையில் காய்ச்சிய இரும்புத் துண்டு ஒன்றின்மேல் வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை இரும்பில் மெல்ல வைக்கோல் நிறம் படர்ந்தது. அது கத்தரிப்பூ நிறத்துக்குப் போவதற்கு முன்பே எடுத்துத் தண்ணீரில் போட்டார்.

இப்போது பாலிடெக்னிக் ஒன்றின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். எஃகின்மேல் வைர முனையை அழுத்தி, அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துக் கடினத்தை எண்ணாகச் சொல்லும் இயந்திரம் அங்கே இருக்கிறது. சிவக்கக் காய்ந்த எஃகைச் சட்டென்று குளிரவைத்தால் அதன் உள்ளமைப்பு இறுகி உறைந்துவிடும். சாம்பலில் மெல்ல ஆறவிட்டால் தளர்ந்து மெத்தென்று ஆகிவிடும். இறுகியதை மறுபடி இளஞ்சூட்டில் வைத்தால் கடினத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து உடையாத தன்மையை வாங்கிக்கொள்ளும். எந்த நிறத்தில் நிறுத்துகிறோமோ அதில்தான் கூர் எத்தனை நேரம் நிற்கும் என்பது இருக்கிறது. மாணவர்களுக்கு இதைப் பலகையில் எழுதிக்காட்டும்போது என் அடுப்பைப் பற்றி நான் சொல்வதில்லை.

ஆசாரி பிடியை மாட்டித் தீட்டிக் கொடுத்ததும், அம்மா பக்கத்துக் கடையில் கழித்துப்போட்டிருந்த இலைகளை அள்ளிவந்து அங்கேயே உட்கார்ந்து நறுக்கத் தொடங்கினாள். பத்து ஆயிற்று, இருபது ஆயிற்று. ஒன்றும் கிழியவில்லை, சத்தமும் இல்லை. அவள் நிறுத்தவில்லை. கத்தியைப் பார்க்காமல் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நறுக்கினாள். கடைசி இலை முடிந்ததும் வலது கையை விரித்து, மூடி, மறுபடி விரித்தாள். "கை நல்லாத்தான் இருக்கு" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னாள். அன்று அவள் என்னை அடித்திருந்தால் நான் அழாமல் இருந்திருப்பேன்.

திரும்பும்போது பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தோம். காவிரிப் பாலத்தின் நடுவில் கேட்டாள்.

"டீச்சர் ஊசியச் சொன்னாங்களா, கத்தியச் சொன்னாங்களா?"

"ஊசிய."

"சொன்னப்ப அவங்க செஞ்சு காமிச்சாங்களா?"

"இல்ல."

வீட்டுக்குத் திரும்பும் சந்தில் நின்று, "நீ படிக்கிறத நான் நிறுத்த மாட்டேன், பாப்பா" என்றாள். "சொல்றத நிறுத்திடாத. ஆனா இனிமே செஞ்சு பாத்தியான்னு கேப்பேன்."

மறுநாள் அவள் தன் பலகையைத் திருப்பிக் கேட்டு வாங்கினாள். அந்தத் துவாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் எத்தனையோ பேர் அவள் நறுக்கிய இலையில் சாப்பிட்டிருப்பார்கள். நானும் பள்ளி முடித்து, கல்லூரி முடித்தேன். அத்தனை ஆண்டுகளும் நான் எதைச் சொன்னாலும் அந்தக் கேள்வி வந்தது. சில நாள் எரிச்சலாக இருக்கும். பதில் இல்லாத நாட்களில் போய்ச் செய்து பார்ப்பேன். என் விஞ்ஞானப் படிப்பில் பாதி அப்படி வந்ததுதான்.

இப்போது எங்கள் பக்கத்து மேலூர்த் தோட்டங்களில் சிலவற்றை மனைகளாகப் பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள். கொட்டகை இருந்த இடத்தில் சைக்கிள் கடை இருக்கிறது. ஆசாரி திருச்சிக்குக் கிழக்கே புதிதாக வந்த தொழிற்சாலையில், எஃகைக் காய்ச்சிக் குளிரவைக்கும் பிரிவில் நல்ல சம்பளத்தில் இருக்கிறார். அவருக்கு அங்கே நிறம் பார்க்க வேண்டியதில்லை, மீட்டர் இருக்கிறது. இதற்கெல்லாம் எனக்கு வருத்தமில்லை.

சென்ற மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைப் பார்த்து, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பாட்டுக்கு அப்புறம் என்று சொல்லி மாத்திரையை நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்து அந்தப் பழைய கேள்வியைக் கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. வாயைத் திறந்தாள், தண்ணீரைக் குடித்தாள், விழுங்கிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எப்போது நிறுத்தினாள் என்று யோசித்துப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை.

சீட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், முதல் எழுத்திலிருந்து மறுபடி படித்தேன்.