கால் வலிக்கு நான் விற்ற தைலம்

மருந்துக்கடை வேலையில் மாத்திரையை எடுத்துக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். கூடவே எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று கற்றுக்கொள்ளத்தான் ஒரு ஆயுசு பத்தாது. கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் மரத்துப்போன சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததில்லை. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை நம் பக்கத்துக் கடைகளுக்கு வந்த புதிதில் நான் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

அரியலூரில் வாயைத் திறந்தேன்

1999. டிப்ளமோ சான்றிதழில் மை காயாத நேரம். அரியலூர் கடைத்தெருவில் எனக்கு முதல் வேலை. சிமெண்ட் ஆலையில் இருந்து ஓய்வு பெற்ற செல்வராசு, மாரடைப்பு வந்து பிழைத்தவர், டாக்டர் சீட்டோடு கொழுப்பு மாத்திரை வாங்க வந்தார். படித்ததையெல்லாம் அவரிடம் கொட்டினேன். சதை வலி வரலாம், சிலருக்கு ஈரல் பாதிக்கும், அபூர்வமாகக் கிட்னி வரைக்கும் போகும் என்றேன். அப்படி வந்தால் டாக்டரைப் பாருங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்ற ஒரு வரிதான் பாக்கி. அதற்குள் பக்கத்தில் நின்றவர் இருமல் மருந்து கேட்டுவிட்டார், நானும் திரும்பிவிட்டேன்.

செல்வராசு மறுபடி வரவில்லை. வேறு கடையில் வாங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நாலு மாதம் கழித்து அவர் மனைவி வந்தார். நெற்றியில் பொட்டு இல்லை. கையில் பிரிக்காத மாத்திரை அட்டைகள். “ஈரல் போயிரும்னு நீங்க சொன்னீங்களாமே. அன்னைக்கே நிறுத்திட்டாரு. நீங்க சும்மா இருந்திருந்தா முழுங்கிக்கிட்டுத்தான் இருந்திருப்பாரு தம்பி.”

பெரம்பலூரில் மூடிக்கொண்டேன்

அதற்குப் பிறகு அந்தக் கடையில் நிற்க முடியவில்லை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வேறு கடையில் சேர்ந்தேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. முதலாளிக்கு என்னை ரொம்பப் பிடித்துப்போனது.

2004இல் கமால் பாய் வந்தார். லப்பைக்குடிக்காட்டுக்காரர். இருபது வருஷம் சவூதியில் இருந்தவர், அங்கேயே நெஞ்சுவலி வந்து ஊரோடு திரும்பிவிட்டார். திருச்சி டாக்டர் எழுதிய சீட்டில் அதே கொழுப்பு மாத்திரை. வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் எதற்கு என்பார், எதற்கு என்று சொன்னால் பயப்படுவார், பயந்தால் நிறுத்துவார். எனக்கு செல்வராசு மனைவியின் முகம்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. அட்டையைக் கவரில் போட்டு நீட்டினேன். பாய் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். “நொய் நொய்னு கேள்வி கேக்காத கடை இதுதான் தம்பி. இனிமே இங்கதான் வருவேன்.”

தைலம்

சொன்னபடியே வந்தார். மூன்றாம் மாதம் தொடை வலிக்குத் தைலம் கேட்டார், கொடுத்தேன். அடுத்த வாரம் மாடிப்படி ஏற முடியவில்லை என்றார். இன்னொரு பாட்டிலோடு வலி மாத்திரையும் கொடுத்தேன். தெரியாமல் கொடுத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சதை வலி என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அறுபது வயதுக் கால் வலிக்காதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோழை என்றால் என்னைத்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது பாட்டிலுக்கு வந்தபோது கவுண்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. “தொழுவுறப்ப சஜ்தாவுல நெத்திய வச்சா எந்திரிக்க முடியல தம்பி. பக்கத்துல உள்ளவரு கையப் புடிச்சுத் தூக்குறாரு. அல்லாவுக்கு முன்னாடி இப்புடி ஆயிட்டனே.”

காலிப் பெட்டி

அடுத்த முறை பாய் வரவில்லை, அவர் மனைவி வந்தார். ஒன்றுக்குப் போனால் டீ டிக்காஷன் நிறத்தில் போகிறதாம். உடம்புச் சூடு என்று இரண்டு நாளாக இளநீர் கொடுக்கிறார்களாம். சூடு தணிய ஏதாவது வேண்டுமாம். உடனே கார் பிடித்துத் திருச்சிக்குக் கொண்டுபோங்கள், அவர் சாப்பிடும் மாத்திரை அத்தனையையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்று கத்தினேன்.

அந்த அம்மாள் பதறிப்போய்ப் பையிலிருந்து ஒரு காலிப் பெட்டியை எடுத்தார். இது நம் ஊரில் கிடைக்குமா என்று கேட்கக் கொண்டுவந்தாராம். சவூதியில் இருக்கும் பாயின் மச்சான், ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிற மாத்திரை. ஒரு பக்கம் அரபி, இன்னொரு பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலம். கம்பெனி வைத்த பெயர்தான் வேறு. உள்ளே இருந்தது நான் விற்கும் அதே மருந்து, இரண்டு மடங்கு அளவில். வெளிநாட்டு மாத்திரை இருதயத்துக்கு, நம் ஊர் மாத்திரை கொழுப்புக்கு என்று பாய் தினமும் இரண்டையும் போட்டிருக்கிறார். இரண்டும் ஒரே மருந்து என்று நான் சொன்னதும் அந்த அம்மாள் கேட்டார்: “ரெண்டும் ஒண்ணுதான்னு யாராச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தம்பி?”

நாற்காலி

திருச்சியில் பாயைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். சதை சிதைந்து, அந்தக் கழிவு கிட்னியை அடைத்துவிட்டதாம். நான் கொடுத்த வலி மாத்திரையும் தன் பங்குக்குக் கெடுத்திருக்கிறது. பல வாரம் டயாலிசிஸ் நடந்தது. கிட்னி பாதிதான் மீண்டது, தொடைக்குப் பழைய பலம் வரவே இல்லை. பள்ளிவாசலில் கடைசி வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தொழுகிறார்.

ஏழு மாதம் கழித்து மகன் தோளைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதல் பாட்டில் தைலம் விற்ற அன்றே எனக்குச் சந்தேகம் வந்தது, வாயைத் திறக்காமல் இருந்தேன் என்றேன். அழுதும்விட்டேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். பாய் என் கையைத் தட்டிக்கொடுத்தார். “ஒங்க மேல என்ன தப்பு இருக்கு தம்பி? கேட்டத எடுத்துக் குடுக்குற ஆளுதானே நீங்க.”

பேசி ஒருவரையும் பேசாமல் ஒருவரையும் கெடுத்த பிறகு, இப்போதெல்லாம் கால் வலி என்று யார் வந்தாலும் உட்கார வைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்கிறேன், அவர்களும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய் நிம்மதியாகத் தைலம் வாங்கிக்கொள்கிறார்கள்.