கழுத்தில் கிடந்த சங்கிலி

அந்தச் சந்தில் பாபிகரை எல்லோரும் "சூடானி" என்றுதான் கூப்பிட்டார்கள். காய்கறிக்காரன், வீட்டுக்காரி, அவளுடைய மருமகள் வரைக்கும். சூடானில், வாத் மதனி ஊரில் பதினெட்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷன். போர் துரத்திக் கெய்ரோவுக்கு வந்த இரண்டு வருஷத்தில் தொழிலும் போய், பெயரும் போய், விட்டு வந்த நாடு மட்டும் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஒருவன் அவரை "வாத்தியாரே" என்பான். ரொட்டி சுமக்கும் ஷஹாத்தா. தலையில் ஆள் நீளத் தட்டு நிறைய ரொட்டி, அதைப் பிடிக்க ஒரு கை, சைக்கிளுக்கு ஒரு கை. பஸ்களுக்கு நடுவே பாம்பாகப் போவான். சைக்கிள் இல்லையென்றால் ரொட்டிக்கடையில் அவனுக்கு வேலை இல்லை.

அந்த நோன்பு நாளில் பாபிகரின் மனைவி பதூலுக்கு இன்சுலின் தீர்ந்துவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கடையில்தான் இருக்கிறது என்றார்கள். மாலை ரொட்டியைப் போட்டு முடித்த ஷஹாத்தா, கேட்காமலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். சங்கிலியையும் பூட்டையும் மாப்பிள்ளைக்கு மாலை போடுவதுபோல் அவர் கழுத்தில் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் திணித்தான்.

"எங்க நிறுத்தினாலும் இத மாட்டிடுங்க வாத்தியாரே. உங்க ஊரு இல்ல இது. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள டயரையே உருவிடுவானுங்க."

"ராத்திரி ரொட்டிக்கு முன்னால கொண்டாந்துடறேன்."

"கொண்டாராம எங்க போவீங்க? என் பொழப்பே அதுமேலதான் ஓடுது" என்று சிரித்தான்.

மருந்து கிடைத்துவிட்டது. திரும்பும் வழியில், பாலத்துக்கு முன்னால் பள்ளிவாசல் பாங்கு கேட்டது. வழிப்போக்கர்கள் நோன்பு திறக்க நடைபாதையில் நீள மேஜை போட்டுச் சாப்பாடு வைத்திருந்தார்கள். இரண்டு பேர் ஓடிவந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நோன்பு தொறக்காம எங்க போறீங்க அண்ணே? எங்களத் தாண்டித்தான் போகணும்!"

பாபிகரின் ஊரிலும் இப்படித்தான். இந்நேரத்துக்கு ஆண்கள் சாப்பாட்டோடு ரோட்டுக்கே வந்து, தலைப்பாகையை அவிழ்த்துக் குறுக்கே பிடித்து பஸ்ஸை நிறுத்துவார்கள். இறங்கியவன் விருந்தாளி. அவன் மூட்டை முடிச்செல்லாம் அழைத்தவன் பொறுப்பு. அங்கே போய்ப் பூட்டுப் போடுவது, சோறு போடுகிறவனைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம். சங்கிலி ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் அவர்கள் கண்முன்னே அதைக் கழற்ற அவருக்குக் கூச்சமாக இருந்தது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். மூன்று பேரீச்சம்பழம், ஒரு கிண்ணம் பருப்புச்சாறு. திரும்பிப் பார்த்தால் சுவர்தான் இருந்தது.

இந்தப் பக்கம் ஓடினார், அந்தப் பக்கம் ஓடினார். சந்து சந்தாக எட்டிப் பார்த்தார். கடைசியில், சைக்கிளைப் பிடித்தவர்களில் கரண்டியோடு நின்றவனிடம் வந்து அழாத குறையாகக் கேட்டார்: "நீங்கதானே கூப்பிட்டீங்க?"

"சோறு திங்கத்தான் கூப்பிட்டோம் அண்ணே, சைக்கிள் காக்கவா?" என்றவன், அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தான். "போலீஸ்ல சொல்லிப் பாருங்க."

போலீஸில் முதலில் அகதி அட்டையைக் கேட்பார்கள். பாபிகரின் அட்டை காலாவதியாகி நாலு மாசம்; போனால் அவரையே பிடித்து உட்காரவைப்பார்கள்.

பாலத்தில் நடந்தார். ஷஹாத்தாவிடம் என்ன சொல்வது? கழுத்தில் சங்கிலி ஒவ்வோர் அடிக்கும் கிலுங்கிற்று. பூட்டைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்து தின்றேன் என்றா? எந்த மடையன் நம்புவான்? நடுப்பாலத்தில் நின்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவருக்குப் பொய் வந்தால் அரைகுறையாகத்தான் வரும். சங்கிலியைப் பூட்டோடு கழற்றி நைல் ஆற்றுக்குள் எறிந்தார்.

ரொட்டிக்கடை வாசலில் ஷஹாத்தா தட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்தான், அவருக்குப் பின்னால் பார்த்தான்.

"வெட்டிட்டானுங்க ஷஹாத்தா. நல்லாத்தான் பூட்டினேன். சங்கிலிய வெட்டி எடுத்துட்டுப் போயிட்டானுங்க."

ஷஹாத்தா மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

"மருந்து கெடச்சுதா?"

"கெடச்சுது."

"அந்தமட்டும் சரி." பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கினான். "வெட்டினானுங்கன்னா சொன்னீங்க?"

"ஆமா."

"அந்தப் பூட்டு போன கோடையிலயே செத்துப்போச்சு வாத்தியாரே. சாவியும் சுத்தாது ஒண்ணும் சுத்தாது. லேசா இழுத்தா கையோட வந்துடும். பாக்கறவன் பயப்படட்டும்னு மாட்டறது. உங்ககிட்டச் சொல்ல வெக்கமா இருந்துது." நிறுத்தினான். "அத எதுக்கு வெட்டணும்? நீங்க எப்படிப் பூட்டினீங்க?"

பாபிகரின் கை வெறும் கழுத்தைத் தடவிற்று.

"வித்துட்டீங்களா?"

"ஐயோ, அல்லா மேல ஆணையா இல்ல!"

"அப்ப சங்கிலி எங்க?"

ஆற்றில் என்று எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நம்பியிருக்கக்கூடிய உண்மை, இப்போது பொய்யைவிடக் கேவலமாகத் தெரிந்தது. பாபிகருக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

ஷஹாத்தா எழுந்து தட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டான். நடந்தே போக வேண்டும். பாபிகர் ஓடிப்போய் அடுத்த தட்டில் கை வைத்தார்.

"இத நான் தூக்கிட்டு வரேன்."

ஷஹாத்தா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"வழிய விடு, சூடானி" என்றான்.