நடுவில் இல்லாத படம்

பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கிய புதிது. எட்ட நின்றாலும் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவரும் ஜூம் லென்ஸ் அதில் இருந்தது. மடுகரைப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த ஒருவரை ரோட்டில் நின்றபடியே எடுத்துக்கொண்டிருந்தேன். கறுத்த, ஒடிசலான ஆள். நாலு கரும்புக்கு ஒருமுறை அரிவாளைக் கைலியில் துடைப்பார்.

வரப்பில் வந்த மேஸ்திரி ஏதோ கத்தி, குனிந்திருந்தவரை இடுப்பில் எட்டி உதைத்தான். விழுந்தவர் எழுந்து அரிவாளை ஒரே வீச்சாக வீசினார். மேஸ்திரியின் முழங்கை பிளந்து ரத்தம் கொட்டியது. அதை நான் விடாமல் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

கேமராவிலிருந்து கண்ணை எடுத்தபோது அவர் என் எதிரில் நின்றார். அரிவாளைக் கைலியில் துடைத்தார்.

“இன்னாப்பா, எல்லாத்தியும் புடிச்சியா?”

“புடிச்சேண்ணே.”

“அவன் என்ன ஒதச்சது இருக்கா? காட்டு. ஸ்டேஷன்ல கேப்பாங்க.”

கேமராவின் திரையில் தேடினேன். ஒரு படத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். அடுத்த படத்திலேயே அரிவாள் மேஸ்திரியின் கையில் இறங்கியிருந்தது.

“கண்ணால பாத்த இல்ல?”

“பாத்தேண்ணே.”

“அப்புறம் ஏன்டா எடுக்கல?”

அரிவாளை என் காலடியில் போட்டுவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

உதை விழுந்தபோது என் விரல் பட்டன் மேல்தான் இருந்தது. அந்த உதையில் எடுப்பதற்கு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.